பரண் கொட்டகைக்கு ஆணி போதுமா?

கேள்வி: பரண்மேல் வெள்ளாடு வளர்க்க மரத்தில் கொட்டகை போடுகிறோம். ஆணியே போதும் என்கிறார் ஆசாரி. சரிதானா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: எல்லா இடத்துக்கும் ஆணி போதாது. 25 கிலோ வீதம் 30 ஆடுகள் என்றால் 750 கிலோ. தீவனம் வைத்ததும் அத்தனையும் ஒரே பக்கம் கூடும். அந்த நேரத்தில் அடியில் புழுக்கை அள்ளுவது உங்கள் வீட்டு ஆளாக இருக்கலாம்.

காலும் உத்திரமும் சேரும் இடம்: காலில் வெட்டு எடுத்து, உத்திரத்தை அதன்மேல் உட்கார வையுங்கள். எடையை மரமே தாங்கட்டும். பிறகு 12 மி.மீ. போல்ட் இரண்டை மறுபக்கம் வரும்படி போட்டு, இரு பக்கமும் அகல வாஷர் வைத்து முடுக்குங்கள். இரண்டும் ஒரே ரேகையில் வந்தால் மரம் பிளக்கும். சற்று விலக்கிப் போடுங்கள்.

தரை ரீப்பர்: ஆடுகள் மிதிக்க மிதிக்க ஆணி மேலே எழும்பும், காலைக் கிழிக்கும். ஸ்க்ரூ போடுங்கள். 1 அங்குல ரீப்பருக்கு 3 அங்குல ஸ்க்ரூ வேண்டும். முதலில் துளையிட்டு, தலை மரத்தில் பதியும்வரை இறக்குங்கள்.

துரு: ஆட்டுச் சிறுநீர் இரும்பை அரிக்கும். கடையில் பளபளவென்று இருப்பதில் துத்தநாகப் பூச்சு மெல்லியது. மங்கிய சாம்பல் நிறத்தில் தடித்த பூச்சுள்ள போல்ட், நட், வாஷர் கேட்டு வாங்குங்கள். ஸ்க்ரூ எஸ்.எஸ். ஆக இருந்தால் நல்லது.

மரம் காய்ந்து சுருங்கினால் நட் தளரும். மூன்றாம் மாதமும், ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். துரு அரித்த போல்ட்டை மாற்றும்வரை பரணடிக்கு யாரையும் அனுப்பாதீர்கள்.