பங்கின் விலையும் நிறுவனத்தின் மதிப்பும்

விலை வேறு, மதிப்பு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனால் விளையும் கேட்டினைப் பங்குச் சந்தை நமக்கு அடிக்கடி காட்டி வருகின்றது. பெருநிதியங்கள் தம் கையிருப்பை விற்கத் தொடங்கின், தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்கு சரிகின்றது. அது கண்ட எளியோர், நிறுவனமே அழிந்ததென்று அஞ்சித் தாமும் விற்கின்றனர். இவ்வச்சம் தக்கதோ?

நிதியம் விற்க விலை விழுவது ஏன்? ஆவடியை அடுத்த எம் பருத்திப்பட்டு ஏரியைக் கண்டோர்க்கு இஃது எளிதில் விளங்கும். மதகின் வழி அளவறிந்து விடும் நீரை நிலம் ஏற்கும். கரை உடைந்து ஒருங்கே பாயும் நீரை ஏலாது. நீரில் குற்றமில்லை, தாங்கும் அளவே காரணம். ஒரே நாளில் விற்பனைக்கு வரும் பங்குகள் பல கோடியாகவும் வாங்குவோர் சிலராகவும் இருப்பின், விலை இறங்கினாலன்றி அவை கைம்மாறா.

இப்போது எடர்னல் எனப் பெயர் மாறியுள்ள சொமாட்டோவின் பங்கு, 76 ரூபாய்க்கு வெளியிடப்பெற்று, 2021 ஜூலை 23-இல் சந்தைக்கு வந்தது. முன்னரே முதலிட்டோர் ஓராண்டு விற்கலாகாதென்னும் தடை இருந்தது. மொத்தப் பங்கில் முக்காற்பகுதிக்கு மேல் அத்தடையில் அடங்கியிருந்தது. தடை நீங்கிய பின் வந்த முதல் வணிக நாளாகிய 2022 ஜூலை 25-இல் விலை நூற்றுக்கு 11-க்கு மேல் வீழ்ந்தது. அன்று மக்கள் உணவு வரவழைப்பதை விட்டொழித்தனரோ? இல்லை. 2024-இல் அப்பங்கு 200 ரூபாயைக் கடந்தது.

“பெருநிதியங்கள் நம்மினும் அறிந்தவையன்றோ?” என்பார் உளர். அவர் கூற்றும் தள்ளத்தக்கதன்று. 2,150 ரூபாய்க்கு வெளியான பேடிஎம் பங்கினை, 2022 நவம்பர் 17-இல் சாப்ட்பேங்க் பெருமளவில் விற்றது. அன்றே விலை நூற்றுக்கு 10 அளவு சரிந்தது. ஈராண்டு கழிந்தும் அது வெளியீட்டு விலைக்கு வெகு கீழேயே நின்றது. ஆயின் 2024 ஜனவரி 31-இல் ரிசர்வ் வங்கி அதன் இணை நிறுவனமாகிய வங்கிமீது விதித்த தடை, தொழிலையே தாக்கியது. விற்பவன் தேவையால் வரும் வீழ்ச்சி வேறு. தொழிலின் நோயால் வரும் வீழ்ச்சி வேறு. தவணை முடிந்த நிதியமும், தன்னிடம் பணம் இட்டோர் திருப்பிக் கேட்ட நிதியமும், நல்ல பங்கினையும் விற்றே ஆகவேண்டும்.

இஃது எங்கோ நிகழும் செல்வர் விளையாட்டன்று. 2010-இல் சென்னையில் தோன்றிய பிரெஷ்வொர்க்ஸ், 2021 செப்டம்பரில் அமெரிக்க நாஸ்டாக் சந்தையில் 36 டாலர் விலைக்குப் பங்கு வெளியிட்டபோது, அதன் ஊழியர் பலர் பங்குடையோராய் இருந்தனர். 2022-இல் அவ்விலை வெளியீட்டு விலைக்குக் கீழே கிடந்தது. தொழில்நுட்ப நிறுவனங்களில் மகன் ஊதியத்தோடு பங்கும் பெறுகின்றான். தந்தை மாதச் சேமிப்பைப் பரஸ்பர நிதியில் இடுகின்றார். தந்தையின் நிதியம் விற்க, மகனின் பங்கு தாழ்தலும் கூடும்!

ஆதலின், விற்பவர் யார், விற்பது ஏன், தொழிலில் மாறியது யாது என்னும் மூன்றையும் வினவாது விற்றல் தகாது. விற்பனைத் தடை நீங்கும் காலம் வெளியீட்டு அறிக்கையிலேயே அச்சிடப்பெறுகின்றது, படிப்போர்தாம் சிலர். பொருளியல் பயில்வார்க்கு மட்டுமன்றி, நாளை ஊதியம் பெறவிருக்கும் எல்லா மாணவர்க்கும் இவ்வறிக்கையைப் படிக்கக் கற்பித்தல் கல்லூரிகளின் கடன் என்பது எம் துணிபு. அறியாமையால் பிறக்கும் அச்சத்திற்கு அறிவன்றி வேறு மருந்தில்லை.