நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஹெட்போன் மாறுமா?

புது ஹெட்போன் வாங்கியவரின் முதல் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பேஸ் அடைத்தாற்போல் கேட்கிறது, உச்சத்தில் குரல் கூசுகிறது. கிடைக்கும் பதிலும் ஒன்றேதான்: இன்னும் ‘பர்ன்-இன்’ ஆகவில்லை, நூறு மணி நேரமோ இருநூறு மணி நேரமோ ஓடட்டும், பிறகு பாருங்கள். இதை நம்பி, இரவெல்லாம் பாட்டையோ ‘பிங்க் நாய்ஸ்’ என்ற சீரான இரைச்சலையோ ஓடவிட்டு ஹெட்போனை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடுபவர்கள் உண்டு. சில வாரங்களில் ஒலி தெளிந்துவிட்டதாக அவர்களில் பலர் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த மாற்றம் எங்கே நடந்தது என்பதில்தான் தவறிவிடுகிறார்கள். இதுவரை கிடைத்துள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், பழகுவது பெரும்பாலும் கேட்பவரின் மூளை. கருவியில் நடப்பது மிகச் சொற்பம்.

நம்பிக்கை வேர்பிடித்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. புது மோட்டார் சைக்கிளைத் தொடக்கத்தில் முறுக்காமல் ஓட்டச் சொல்கிறார்கள், பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு இழைந்து படிய வேண்டும் என்பதற்காக. பெரிய ஒலிபெருக்கியிலும் கொஞ்சம் அப்படி ஒன்று நடக்கிறது. பன்னிரண்டு அங்குல ஊஃபரின் கூம்பைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பும், பின்னால் அதைத் தாங்கும் ‘ஸ்பைடர்’ எனும் துணி வளையமும் முதல் ஓட்டத்தில் தளர்கின்றன. கூம்பின் இயல்பான அதிர்வெண் சற்றே இறங்குகிறது. ஸ்பீக்கர் வடிவமைப்பவர்கள் சிறிது நேரம் ஓட்டிவிட்டு அளப்பது அதனால்தான். ஹெட்போனுக்குள் இருப்பதோ வேறு. பெரும்பாலானவற்றில் சுமார் 40 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மெல்லிய பாலியெஸ்டர் படலம் இருக்கும். அதற்கு ஸ்பைடர் கிடையாது, ரப்பர் விளிம்பு கிடையாது; படலத்தின் ஓரமே அதைத் தாங்குகிறது. காதை ஒட்டியே இருப்பதால் சாதாரண ஒலியளவில் அது அசையும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னம்தான். உரசித் தேய அங்கே எதுவும் இல்லை.

அளந்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? 1997-இல் வெளிவந்த தன் ‘ஈ1’ இயர்போன்களில் நன்றாக உழைத்தவற்றைப் பல ஆண்டுகள் கழித்து எடுத்துச் சோதித்த ஷூர் நிறுவனம், அவை ஆலையை விட்டு வந்தபோது இருந்தபடியே அளவு காட்டுவதாகச் சொன்னது. அது சிறு உலோக நாக்கின் அசைவால் ஒலி எழுப்பும் ‘ஆர்மேச்சர்’ வகை, படலத்தையே நேரடியாக அசைப்பவற்றுக்குப் பொருந்தாது என்று வாதிடலாம், நியாயமான வாதம். படலம் உள்ளவற்றில் நமக்குக் கிடைக்கும் வலுவான எதிர்ச்சான்று அமெரிக்காவின் டில் ஹெர்ட்சென்ஸுடையது. ஹெட்போன்களை அளப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த அவர், நெடுநேரம் ஓடிய ஏகேஜி க்யூ701 ஹெட்போன் ஒன்றையும் புதியது ஒன்றையும் எது எதுவென்று தெரியாமல் அணிந்து கேட்டு, வேறுபாட்டைக் கண்டுபிடித்தார். இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவர் ஒப்பிட்டவை இரண்டு தனித்தனிக் கருவிகள். ஒரே மாடலில் அடுத்தடுத்து வெளிவரும் இரண்டு ஹெட்போன்களுக்கு இடையிலும் சிறு வேறுபாடு இருக்கும். கேட்டது ஓட்டத்தின் விளைவா, பிறவி வேறுபாடா என்பதை அந்தச் சோதனை பிரித்துக் காட்டாது. ஒரே கருவியை நாள்கணக்கில் ஓட்டி அளந்தபோது தெரிந்த மாற்றமோ மிகச் சிறியது. ஹெட்போனைக் கழற்றி மறுபடி மாட்டினாலே அதைவிடப் பெரிய மாற்றம் வந்துவிடுகிறது. மூக்குக் கண்ணாடியின் கால் காதுமெத்தையைச் சற்றுத் தூக்கினால்கூட பேஸ் கசிந்து பல டெசிபல் இறங்கும்.

மெத்தை என்றதும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நுரைமெத்தை தலையின் வெப்பத்தில் இளகி முகத்தின் வடிவத்துக்குப் படிகிறது. பிடிப்பு இறுகுவதால் பேஸ் கூடலாம், ஒலி எழுப்பும் ‘டிரைவர்’ காதை நெருங்குவதால் ஒலியின் நிறமும் மாறலாம். இது உண்மையான மாற்றம். ஆனால் அது அணிந்தால்தான் நடக்கும். இழுப்பறைக்குள் இருநூறு மணி நேரம் பாடினாலும் மெத்தை படியாது.

மூளையின் பங்கு இதைவிடப் பெரிது. 1998-இல் நெதர்லாந்தின் நைமேகன் ஆய்வாளர்கள், சோதனையில் பங்கேற்ற சிலரின் காதுமடலுக்குள் சிறு அச்சுகளைப் பொருத்தி, காதின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்பது முதலில் பங்கேற்றவர்களுக்குப் புரியவே இல்லை. அச்சுகளை அணிந்தபடியே நாள்களைக் கழித்ததில் சில வாரங்களில் அந்தத் திறன் மீண்டது. அச்சு அப்படியேதான் இருந்தது. கேட்கும் மூளைதான் புதிதாகக் கற்றுக்கொண்டது. அது திசையறியும் சோதனைதான், இசைச் சுவை பற்றியது அல்ல. ஆனாலும் காதுக்கு வரும் அதிர்வெண்களின் சேர்க்கை மாறினால் மூளை அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. புது ஹெட்போனிலேயே சில வாரம் கேட்டுவிட்டுப் பழையதை மாட்டினால், அது மந்தமாகவோ கீச்சென்றோ தோன்றும். பழையதை அதற்குள் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இதோடு எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது. 1994-இல் ஒலியியல் ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 40 பேரை நான்கு ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் இடச் சொன்னார்கள். ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்தபடி இட்ட மதிப்பெண்ணும் மறைத்து வைத்து இட்ட மதிப்பெண்ணும் ஒத்துவரவில்லை.

கருவிகளால் அளக்க முடியாத நுட்பம் காதுக்குப் புலப்படும் என்பார்கள் சிலர். அப்படியே இருக்கட்டும். ஆனால் காது சொல்வதை ஏற்க வேண்டுமானால் கண்ணையும் நினைவையும் விலக்கிவிட்டுக் கேட்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் கேட்ட ஒலியின் நுணுக்கம் அப்படியே நினைவில் தங்குவதில்லை. இன்னொன்றையும் கவனிக்கலாம். பர்ன்-இன் ஆகிக் கெட்டுப்போனதாக யாரும் சொல்லிக் கேட்பது அரிது. ஒரு படலம் தளர்கிறது என்றால் சிலவற்றில் ஒலி மேம்பட வேண்டும், சிலவற்றில் பேஸ் கொழகொழத்துப் போக வேண்டும். எப்போதும் நல்லதே நடக்கிறது என்றால், அது விரும்பப் பழகும் மனத்தின் இயல்போடு பொருந்துகிறது, பொருளின் இயல்போடு பொருந்தவில்லை. சில நிறுவனங்களே பர்ன்-இன் செய்யப் பரிந்துரைக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் ஒலியின் சமநிலையை அரை டெசிபல் வரை திருத்தும் பொறியாளர்கள், வாங்கியவர் வீட்டில் அது மாறிவிடும் என்று அறிந்தால் பெட்டியில் அடைக்கும் முன்பே ஓட்டி முடித்திருப்பார்கள்.

இதில் வாங்குபவருக்கு நேரடி நஷ்டம் உண்டு. இருநூறு மணி நேரம் என்பது இடைவிடாமல் ஓட்டினாலே எட்டு நாள், எட்டு மணி நேரம். இணையக் கடைகள் பல மாற்றித் தருவதற்குக் கொடுக்கும் கெடு ஏழு நாள் அல்லது பத்து நாள். காத்திருக்கச் சொல்லும் ஆலோசனை, குறையுள்ள பொருளை அவர் தலையிலேயே கட்டிவிடுகிறது. வாங்கிய முதல் இரண்டு மூன்று நாளில் நன்கு பழகிய பாடல்களைப் பழையதிலும் புதியதிலும் ஒரே ஒலியளவில் மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது நன்றாக ஒலிப்பதுபோல் தோன்றுமாதலால் அளவைச் சமன்செய்வது முக்கியம். ஒரு பக்கம் கரகரத்தாலோ, குரல் கூசிக்கொண்டே இருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடலாம். இன்னும் நூறு மணி நேரம் ஓடட்டும் என்று விற்பவர் சொன்னால், மாற்றித் தரும் கெடுவையும் அந்த நூறு மணி நேரத்துக்குப் பின்வரை நீட்டி எழுதித் தரக் கேட்பது வாங்குபவரின் நியாயமான உரிமை.