ஏணியோடு நின்றுவிடும் பாடம்



எகிப்து வெற்றியைப் படிப்பிக்கும்போது நாங்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் நிறுத்துகிறோம். ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரழி) ஏணி வைத்துக் கோட்டைச் சுவரில் ஏறுகிறார், தக்பீர் முழங்குகிறது, பாடம் முடிகிறது. அந்தக் கோட்டை பிறகு என்னவானது என்று பிள்ளைகளும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை.

அது இன்றும் இருக்கிறது. பாபிலோன் கோட்டை என்று பெயர். ஈராக்கின் பாபிலோன் அல்ல, பழைய கெய்ரோவில் உள்ளது. கி.பி. 300 அளவில் ரோமப் பேரரசர் டயோக்கிளீசியன் காலத்தில் கட்டியது. வெண்கல்லும் செங்கல்லும் வரிவரியாக அடுக்கிய சுவர். அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) சுமார் 7 மாதம் முற்றுகையிட்டு 641இல் அதைக் கைப்பற்றினார்கள்.

"ரோமர்கள் விட்டுப்போன கல்லை நாம் ஏன் பாதுகாக்க வேண்டும்?" என்று நம்மவர் சிலர் கேட்கிறார்கள். அவர்களிடம் நாங்கள் கேட்பது இதுதான்: கையில் கிடைத்த கோட்டையை ஸஹாபாக்கள் தரைமட்டமாக்கினார்களா? பக்கத்திலேயே புஸ்தாத் நகரை அமைத்தார்கள். கோட்டைக்குள் கிறிஸ்தவர்களும் யூதர்களும் தொடர்ந்து வாழ்ந்தார்கள். தெற்கு வாசலின் கோபுரங்களுக்கு மேல் கட்டிய 'தொங்கும் தேவாலயத்தில்' இன்றும் வழிபாடு நடக்கிறது. கோட்டையின் நடுவே ஓடிய ரோமர்களின் கால்வாயைக்கூட அம்ர் (ரழி) தூர்க்கவில்லை. உமர் (ரழி) காலத்தில் அதைத் திரும்பத் தோண்டி, எகிப்தின் தானியத்தைச் செங்கடல் வழியாக மதீனாவுக்கு அனுப்பினார்கள். மதீனாவின் பசியைத் தீர்த்த தானியம் வந்த வழி அது. இதையல்லவா முதலில் படிப்பிக்க வேண்டும்?

அம்ர் (ரழி) கட்டிய பள்ளிவாசலில் ஆரம்பக் கட்டடம் எதுவும் மிஞ்சவில்லை. பல தடவை இடித்து, பெருப்பித்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த நாளைக் கண்ட சுவர் என்று மிஞ்சியிருப்பது எதிரியின் கோட்டைச் சுவர்தான்.

அதுவும் சும்மா மிஞ்சவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதி உடைபட்டுப் போனது. பிறகு நிலத்தடி நீர் ஏறி அடித்தளத்தை அரித்தது. 2000க்குப் பின் பெருஞ்செலவில் நீரை இறக்கிக் காப்பாற்றினார்கள்.

உம்ராவோடு எகிப்தும் போகிறவர்கள் நம்மூரிலும் கூடிவிட்டார்கள். அம்ர் பள்ளியில் இரண்டு ரக்அத், நாலு செல்ஃபி, உடனே பஸ். கொஞ்சம் பொறுங்கள். அங்கிருந்து சில நிமிட நடைதான். மார் கிர்கிஸ் மெட்ரோ நிலையத்துக்கு நேர் எதிரே வட்டக் கோபுரம் தெரியும். வழிகாட்டி கூட்டிப் போகாவிட்டால் நீங்களே கேளுங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல படம் ஒன்றும் எடுத்து வாருங்கள்.