17 டாலர் பர்பனும் சின்ன எழுத்தும்

முதல்லயே சொல்லிடறேன். நான் மொடாக்குடியனும் இல்லை, நிபுணனும் இல்லை. கெண்டக்கி மாநிலத்து லூயிவில்லில் பொட்டி தட்டிக்கொண்டு, மாசக் கடைசியில் பர்ஸைத் தடவிப் பார்க்கிற சாதாரண ஜீவன். ஆனா இந்த ஊர்ல இருந்துகிட்டு பர்பனைத் தொடாம இருக்கறது, திருநெல்வேலியில இருந்துகிட்டு அல்வா சாப்பிடாத மாதிரி.

போன வாரம் ரூம்மேட் 60 டாலருக்கு ஒரு பர்பன் வாங்கிட்டு வந்தான். பேர் வேண்டாம். கனமான கண்ணாடி, மரத்தக்கை, பின்பக்கம் ஒரு குட்டிக்கதை. எங்கிட்ட இருந்தது 17 டாலர் எவன் வில்லியம்ஸ் பிளாக். (எவன்னு கேக்காதீங்க, பேரே அதான்.) "இதெல்லாம் கோலால கலக்கத்தான் மச்சி லாயக்கு"ன்னான். சுருக்குன்னுச்சு. சரி, டெஸ்ட் பண்ணிருவோம்னு இறங்கிட்டோம்.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். மூணு கிளாஸ். ரெண்டுல ஒரே சரக்கு, ஒண்ணுல வேற. எது வேறன்னு சொல்லணும். ஒருத்தன் ஊத்துவான், இன்னொருத்தன் பார்க்காம ருசிப்பான். தடவைக்கு ஒரு டீஸ்பூன்தான். நாளைக்கு மூணு வீதம் ரெண்டு நாள், மொத்தம் ஆறு தடவை. நான் சரியாச் சொன்னது 3. அவன் 2. கண்ணை மூடிகிட்டு குருட்டாம்போக்குல சொன்னாலே சராசரியா 2 வரும் சாமிகளா! ஆறு தடவையை வெச்சு எதையும் நிரூபிச்சிட முடியாதுதான். ஆனா 43 டாலர் வித்தியாசம் நாக்குல தானா வந்து கத்தும்னு நினைச்சோம் பாருங்க, அது கத்தலை.

சரி, 17 டாலர் சரக்கு எப்படித்தான் இருக்கு? மூக்குக்கிட்ட கொண்டுபோனா வெனிலா, அப்புறம் நம்ம கமர்கட்டு வாசனை. கூடவே புதுசா இழைச்ச மரத்தூள். வாயில வெச்சா முதல்ல இனிப்பு, பின்னாடி லேசா மிளகுக் காரம். குறையும் இருக்கு. நடுவுல கொஞ்சம் தண்ணியா இருக்கு, முழுங்கினதும் ருசி சட்டுனு ஓடிப்போயிடுது. 60 டாலர் பாட்டில் இன்னும் கொஞ்ச நேரம் தொண்டையில நின்னுச்சு, அதை மறைக்கக் கூடாது. சில சொட்டு தண்ணி விட்டா எவனோட காரம் அடங்கி இனிப்பு மேலே வருது. ஐஸ் நிறையப் போட்டா ஒண்ணுமே மிஞ்சாது. என் மார்க் பத்துக்கு ஆறரை. விலையையும் சேர்த்தா எட்டு.

இவ்வளவு மலிவான சரக்கு எப்படி இவ்வளவு ஒழுங்கா இருக்கு? இங்கதான் நான் சொல்ல வந்த விஷயம். லேபிள்ல 'கெண்டக்கி ஸ்ட்ரெயிட் பர்பன் விஸ்கி'ன்னு ஒரு வரி இருக்கு. அது விளம்பரம் இல்லை, சட்டம். பர்பன்னா தானியத்துல குறைஞ்சது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்கணும் (எவன்ல 78). உள்பக்கம் கருக்கின புது ஓக் மரப் பீப்பாயில ஊறணும். ஸ்ட்ரெயிட்னா குறைஞ்சது ரெண்டு வருஷம் ஊறணும், தண்ணியைத் தவிர கலரோ எஸன்ஸோ எதுவும் சேர்க்கக் கூடாது. நாலு வருஷத்துக்குக் குறைவா ஊறியிருந்தா வயசை லேபிள்ல போட்டே ஆகணும். எவன்ல வயசு போடலை. ஆக, குறைஞ்சது நாலு வருஷம். துப்பறியும் வேலை முடிஞ்சுது!

நான் சொன்ன வெனிலாவும் கமர்கட்டும் அந்தக் கருகின மரத்துல இருந்து வர்றதுதான். 17 டாலர் பாட்டிலுக்கும் புதுப் பீப்பாய்தான், 60 டாலர் பாட்டிலுக்கும் புதுப் பீப்பாய்தான். இதுல ஏழை பணக்காரன் கிடையாது.

அதுக்காக லேபிள்ல இருக்கற எல்லாத்தையும் நம்பிடாதீங்க. இதே பாட்டில்ல 1783ன்னு ஒரு வருஷத்தைப் பெருசாப் போட்டிருக்கான். எவன் வில்லியம்ஸ்ங்கிறவர்தான் கெண்டக்கியின் முதல் வியாபாரக் காய்ச்சுநர்னு கதை. வரலாற்று ஆட்கள் பலர் இதை ஒத்துக்கறதில்லை. இதைக் காய்ச்சுற ஹெவன் ஹில் கம்பெனி ஆரம்பிச்சதே 1935ல. இந்தப் பேர்ல சரக்கு வந்தது 1957ல. பெரிய எழுத்து கம்பெனி சொல்றது, சின்ன எழுத்து சட்டம் சொல்ல வைக்கறது. நான் சின்ன எழுத்துக் கட்சி.

ஞாயித்துக்கிழமை சித்தப்பாவோட வீடியோ கால். மேஜையில பாட்டிலைப் பார்த்துட்டார். டாக்டர் சொல்லி அவர் விட்டு நாலு வருஷம் ஆச்சு. திட்டுவார்னு பயந்தேன். "அதுல என்னடா கலந்திருக்கான்?"னு மட்டும் கேட்டார்.

"தண்ணியைத் தவிர எதுவும் கலக்கக் கூடாதாம் சித்தப்பா, சட்டமாம்."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "முப்பது வருஷம் குடிச்சேன்டா. எதுல காய்ச்சினதுன்னு ஒரு நாள்கூட எனக்குத் தெரியாது" என்றார்.

எனக்கு அது குத்திச்சு. நம்மூர்ல சல்லிசா விக்கற விஸ்கியில பெரும்பாலானது கரும்பு மொலாசஸ் சாராயத்துல கொஞ்சம் மால்ட் சேர்த்தது. ஐரோப்பாவுல அதை விஸ்கின்னு விக்கவே முடியாது. நல்லதா காய்ச்சத் தெரியாம இல்லை. அம்ருத் சிங்கிள் மால்ட் 2004லயே கிளாஸ்கோவுல போய் இறங்கிச்சு. ஆனா அது காசு இருக்கறவனுக்கு. குவார்ட்டர் வாங்கறவனுக்கு உள்ளே என்ன இருக்குன்னு யாரும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. குடிக்கறவன்தானே, அவனுக்கென்ன மரியாதைங்கிற நினைப்பு. மலிவா வாங்கறவனுக்கும் உண்மையைச் சொல்லணும்னு கட்டாயப்படுத்தினதுதான் இந்த 17 டாலர் பாட்டில்ல எனக்குப் பிடிச்ச ருசி.

ரூம்மேட் இப்ப எவனையும் கோலா இல்லாம குடிக்கறான். 60 டாலர் பாட்டில் விருந்தாளிக்காம்.

டிஸ்கி: சட்டம் காப்பாத்தறது லேபிளைத்தான், ஈரலை இல்லை. எந்த விலையில வாங்கினாலும் 43 சதவீதம் 43 சதவீதம்தான். குடிக்காதவங்க இதைப் படிச்சு ஆரம்பிச்சிடாதீங்க, சித்தப்பா என்னைத்தான் திட்டுவார்.