பபூன் விழட்டும்

பங்குனி, சித்திரை இரண்டு மாதத்தில் மூன்று ஊரில் வள்ளி திருமணம் பார்த்தேன். மூன்று பபூன்கள். ஒருவர்கூட விழவில்லை! அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். வாத்தியார் எழுதினால் வேறு எப்படி இருக்கும்?

வெளியூர் நண்பர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் வைப்போம். சங்கரதாஸ் சுவாமிகள் வழியில் வந்த இசை நாடகம். இதில் ஒரே கம்பெனி மொத்தமாக வந்து நடத்துவதில்லை. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். சேர்ந்து ஒத்திகை கிடையாது. ராத்திரி மேடையில்தான் ஒன்றுகூடுவார்கள், விடிய விடிய நடக்கும். வள்ளியும் வேடனும் வருவதற்கு முன்னால் கூட்டத்தைப் பிடித்து உட்கார வைப்பது பபூன் பொறுப்பு. தனியாக வந்து பாடுவார், பேசுவார், ஆடுவார். அப்புறம் டான்ஸ் ஆடும் பெண் வருவார். ஒருவரையொருவர் கவனிக்காத மாதிரி ஆடிக்கொண்டே வந்து மோதிக்கொள்வார்கள்.

அந்த மோதலைக் கவனித்திருக்கிறீர்களா? ஒத்திகையே பார்க்காத இரண்டு பேர், சரியான இடத்தில், சரியான தாளத்தில் வந்து இடிக்க வேண்டும். அவர்களோடு மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. மேடையோரம் ஆர்மோனியம், மிருதங்கத்தோடு உட்கார்ந்திருக்கும் ஆல்ரவுண்ட் வாசிப்பவர். அவர் கண் பபூனின் காலை விட்டு நகராது. கால் வழுக்கும்போது ஒரு உருட்டல், இடுப்பு தரையில் படும்போது 'டமார்'. அடி சின்னது, சத்தம் பெரியது. ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் சிரிப்பு வராது. இத்தாலியில் பழைய முகமூடி நாடகக் கோமாளிகள் இதற்காகவே இரண்டு மரச்சட்டங்களைச் சேர்த்து ஒரு தடி வைத்திருந்தார்கள். லேசாகத் தட்டினாலே பளாரென்று கேட்கும். 'ஸ்லாப்ஸ்டிக்' என்ற ஆங்கிலப் பெயர் அந்தத் தடியிலிருந்து வந்ததுதான். அவர்கள் தடியில் செய்ததை நம் ஆட்கள் தோலிலும் தகட்டிலும் செய்தார்கள்.

சினிமாவில் ஒருவர் விழுந்தால் நமக்குப் பயம் கிடையாது. பத்து டேக் எடுத்திருப்பார்கள், கீழே மெத்தை இருந்திருக்கும். மேடை அப்படியா? பலகை ஆடுகிறது, எங்கேயாவது ஆணி துருத்திக்கொண்டிருக்கலாம், விழுகிறவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவர் விழுந்ததும் முன்வரிசைப் பாட்டிகள் முதலில் "அய்யய்யோ!" என்பார்கள். அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்ததும்தான் சிரிப்பு கிளம்பும். அந்த 'அய்யய்யோ'வுக்கும் சிரிப்புக்கும் நடுவே இருக்கிற அரை நொடிக்காகத்தான் நான் நாடகம் பார்க்கப் போகிறேன் என்றே சொல்வேன். முன்பின் தெரியாத ஒரு மனிதருக்காக ஊரே பதறி, ஊரே ஆறுதல் அடைகிறது.

இன்றைக்குப் பிள்ளைகள் கைபேசியில் நாள் முழுக்க யாரோ வழுக்கி விழுவதைப் பார்க்கிறார்கள். அங்கே 'அய்யய்யோ' கிடையாது, நேராகச் சிரிப்புதான். விழுந்தவர் விரும்பி விழவும் இல்லை. முப்பத்து நான்கு வருடம் வகுப்பறையில் நின்றவன் நான். பெஞ்சு தடுக்கி ஒரு பையன் விழுந்தால் வகுப்பே சிரிக்கும், அவன் காது சிவக்கும். அதுவும் சிரிப்பு, பபூனுக்குச் சிரிப்பதும் சிரிப்பு. ஒன்று அவனிடமிருந்து பறித்தது. மற்றது அவராகக் கொடுத்தது.

கொடுப்பதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது. அமெரிக்காவின் பஸ்டர் கீட்டன் சினிமாவுக்கு வருமுன் சின்னப் பிள்ளையாக அப்பா, அம்மாவோடு மேடையில் நடித்தவர். அப்பா அவரைத் தூக்கி எறிவதுதான் ஆட்டமே. எறியப்பட்டவன் தானே சிரித்துவிட்டால் பார்ப்பவர்களின் சிரிப்பு குறைகிறது என்று அங்கேதான் கற்றுக்கொண்டார். சிரிக்காத அந்த முகமே பிறகு அவர் அடையாளமாகிவிட்டது. நம் நாகேஷ் ரயில்வேயில் வேலை பார்த்த காலத்தில் ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரராக வந்தார். சின்ன வேடம்தான். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். அந்த வயிற்றுவலியைத்தான் மேடையிலேயே பாராட்டிப் பரிசு கொடுத்தார்.

இப்போது என்ன நடக்கிறது? பபூன் கையில் ஒரு மைக் வந்துவிட்டது. முன்பு மேடையின் முன்பக்கம் மைக் தொங்கும். அதன் கீழே வந்து பேசுவார்கள், மிச்ச மேடை முழுவதும் உடம்புக்கு. இப்போது ஒரு கை மைக்குக்குப் போய்விட்டது. மைக்கைக் காப்பாற்ற வேண்டியவர் எப்படி விழுவார்? நின்ற இடத்தில் நின்று டி.வி.யில் கேட்ட ஜோக்கைச் சொல்கிறார். அது தீர்ந்ததும் இரட்டை அர்த்தம்.

உடனே விழாக் கமிட்டியில் ஒரு குரல்: "பபூனே வேண்டாம், நேரா வள்ளி வரட்டும்." ஆபாசம் பற்றிய அவர்கள் வருத்தம் நியாயமானது. பேசுவது அவர், கெட்ட பெயர் மட்டும் கூட ஆடும் பெண்ணுக்கு. இது அநியாயம். மோதல் காட்சியையே விகாரமாக்குகிறவர்களும் உண்டு. ஆனால் நன்றாகச் செய்தால் அந்தப் பெண் இடிக்க, இவர் நாலு முழம் தள்ளிப் போய் விழுவார். அதில் அசிங்கம் எங்கே இருக்கிறது? வாய் நீண்டதற்கு ஆளையே நீக்குவது வைத்தியமாகத் தெரியவில்லை.

மூன்றாவது ஊரில் நாடகம் முடிந்து டீக்கடையில் பபூன் அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். "விழலாம் சார். இடுப்பு பிடிச்சுக்கிட்டா அடுத்த பத்து நாடகம் போச்சு. வருஷத்துக்கே அந்தச் சம்பாத்தியம்தான். விழுந்தாத்தான் யாரு பாக்குறா, எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டிருக்காங்க" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. கலை அழிகிறது என்று புலம்பும் நாம் அவர் இடுப்பைப் பற்றி யோசித்ததே இல்லை.

ஆகவே கமிட்டிக்காரர்களுக்கு என் கோரிக்கை. பபூனுக்குச் சட்டையில் மாட்டும் காலர் மைக் வாடகைக்கு எடுங்கள். மேடைப் பலகையில் ஆணியைச் சரிபார்த்து மேலே கனமான ஜமுக்காளம் விரியுங்கள். சம்பளம் பேசும்போதே "விழணும்ணே, அதுக்குத் தனியா தர்றோம்" என்று சொல்லுங்கள். ஆல்ரவுண்டுக்கு நல்ல ஆளாகப் போடுங்கள்.

வைகாசியில் எங்கள் தெரு நாடகம். காலர் மைக் வாடகை என் பென்ஷனிலிருந்து என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பபூனை நீக்கச் சொன்ன தம்பிதான் இப்போது ஜமுக்காளத்துக்கு அலைகிறான். வருகிறவர்கள் ஒன்பதரைக்கே வந்து முன்னால் பாய் போட்டுவிடுங்கள். நாற்காலி வரிசையிலிருந்து பார்த்தால் காலே தெரியாது.