காரில் ஓர் இடம்

ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்குப் புறப்பட்ட குடும்பமொன்றை ஆசீர்வதிக்கச் சென்றேன். விடியலில் போய் இரவில் திரும்பும் பயணந்தான். ஆயினும் காரின் பின்னிருக்கையில் பாதியைக் குளிர்பெட்டியும் சோற்றுப்பொதிகளும் பாய்களும் பிடித்திருந்தன. “அம்மம்மாவுக்கு இடமில்லை சுவாமி” என்றார்கள். அவரோ செபமாலையுடன் திண்ணையில் அமர்ந்திருந்தார்.

அன்பானவர்களே, பன்னிருவரை அனுப்புகையில் ஆண்டவர் கைத்தடியை மட்டுமே அனுமதித்தார். உணவும் பையும் காசும் வேண்டாமென்றார் (மாற்கு 6:8). ஆவணி வெயிலில் தண்ணீரும் மருந்துமின்றிச் செல்லுங்கள் என நான் கூறமாட்டேன். ஆனால் முதலில் ஆட்களை எண்ணுங்கள்; பின்னர் பொதிகளைக் கட்டுங்கள். 1670இல் ஒல்லாந்தரின் கொடுமைக்குத் தப்பி மாந்தையிலிருந்து வெளியேறிய இருபது குடும்பங்கள் அன்னையின் திருச்சுரூபத்தையல்லவா சுமந்து சென்றன!

குளிர்பெட்டியை இறக்கச் சொன்னேன். பிள்ளைகள் முகஞ்சுளித்தனர். அம்மம்மா சேலை மாற்ற உள்ளே விரைந்தார்.