குறும் பெப்டைடுகளுக்கும் அதே அளவுகோல்

மூப்பைத் தள்ளிப்போடும் என்று சொல்லப்படும் ஆயுர்வேத ‘ரசாயன’ மருந்துகளுக்கு ஆதாரம் எங்கே என்று நவீன மருத்துவர்களாகிய நாம் ஓயாமல் கேட்கிறோம். கேட்கவும் வேண்டும். ஆனால் ‘இளமை ஊசி’ என்று குறும் பெப்டைடுகள் வந்து நிற்கும்போது அந்தக் கேள்வி நம் வாயில் வருவதில்லை.

இருக்கும் ஆதாரத்தைப் பார்ப்போம். மனிதச் செல்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பிரியாது என்று 1961-ல் ஹேஃப்லிக்கும் மூர்ஹெட்டும் காட்டினார்கள். பிரிவதை நிறுத்திய செல் பெருத்து, தட்டையாகி, பீட்டா-காலக்டோசிடேஸ் சோதனையில் நீலமாகத் தெரியும். இறக்காமல் இருந்துகொண்டு, அழற்சிப் பொருட்களைச் சுரந்து அக்கம்பக்கத்தையும் கெடுக்கும். நான்கே அமினோ அமிலங்கள் கொண்ட எபிடலான், கருத்திசு நார்ச்செல்களில் டெலோமரேஸைத் தூண்டியது என்று ரஷ்யாவின் காவின்சன் குழு 2003-ல் எழுதியது. 34-ஆம் வளர்ப்பில் நிற்க வேண்டிய செல்கள் 44 வரை போயின என்றது அடுத்த ஆண்டுக் கட்டுரை.

ஆர்வமூட்டும் முடிவுதான். ஆனால் அது கண்ணாடித் தட்டில் வளர்ந்த கருத்திசு. நம் முன் உட்காரும் எழுபது வயதுக்காரரின் உடம்பு அல்ல. புற்றுக்கட்டிகளில் 85 முதல் 90 சதவீதம் வரை உயிர்பிழைப்பது இதே டெலோமரேஸின் தயவில்தான். அதைத் தூண்டும் மருந்தென்றால் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த, பலர் செய்துபார்த்த மனித ஆய்வுகள் வேண்டும். அந்த அளவு ஆதாரம் எபிடலானுக்கு இல்லை.

1973-ல் பிகார்ட் மனிதப் பிளாஸ்மாவில் கண்டறிந்த ஜிஎச்கே என்ற பெப்டைடின் கதை சற்று வேறு. செம்பு சேர்ந்த அதன் களிம்பைத் தோலில் பூசுவதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஊசி வேறு விஷயம். 2023-ல் அமெரிக்க எஃப்டிஏ, எபிடலானையும் ஊசிவழி ஜிஎச்கே-செம்பையும் பாதுகாப்புக் கவலைக்குரிய பொருட்களில் சேர்த்தது.

‘ஆய்வுக்கு மட்டும்’ என்று ஒட்டிய சிறு குப்பி, உள்ளே வெள்ளைத் தூள். தூய்மைக்கோ கிருமிநீக்கத்துக்கோ யாரும் பொறுப்பேற்காத பொருள் அது. அதை யாருக்கும் போடாதீர்கள். நோயாளியிடம் வேறு மருந்துகளைக் கேட்கும்போது பெப்டைடையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். தானாகச் சொல்ல மாட்டார்கள். பக்கவிளைவு கண்டால் குறிப்பேட்டோடு நிறுத்தாமல், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவியுங்கள்.